ஆர்.எக்ஸ். 135 இன்ஜின் போட்ட குவாட்: முதல்ல கார்ப்பா, சேம்பரா?

கொருக்குப்பேட்டை 135 | மார்ச் 2, இரவு 10.50

நாலு சக்கர குவாட் சட்டம் வெல்டிங் முடிஞ்சிருச்சு. உள்ள யமஹா ஆர்.எக்ஸ். 135 பைக்கோட டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், அஞ்சு கியர். பின் டயர் 20 அங்குலம். ரோட்டுக்கு இல்ல, வேலி போட்ட, குட்டையான, வளைவு வளைவான மண் மைதானத்துல மட்டும்தான் ஓட்டப் போறோம். வாங்கலாம்னு வச்சிருக்கிற லிஸ்ட்: 30 மி.மீ. கார்ப் (கார்புரேட்டர்), ரேஸ் சேம்பர் (கூம்பு வச்ச சைலன்சர் பைப்), ஃபைபர் ரீடு (கலவையை உள்ள விடுற வால்வு இதழ்), ஓபன் ஃபில்டர். ஹெட்டை (சிலிண்டர் மூடியை) 1 மி.மீ. சீவணும். சேம்பர் மட்டும் வாங்கியாச்சு. காசு ஒரே தடவைல வராது, ஒண்ணொண்ணா தான் போட முடியும். எதை முதல்ல போட்டா பிக்கப் தெரியும்? என்னைக் கேட்டா கார்ப் தான்னு நினைக்கிறேன். தப்புன்னா சொல்லுங்க.

வண்ணை லேத் | மார்ச் 2, இரவு 11.35

தம்பி, கார்ப் கடைசி. ஹெட்டை இப்போதைக்கு யார் கையிலயும் குடுக்காதே.

லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு சாமானும் வேற வேற ஆர்.பி.எம்.முக்குச் செஞ்சது. 30 மி.மீ. கார்ப் 10,000-க்கு மேல சுத்துற இன்ஜினுக்கு. 20 அங்குல டயரோட மண்ணுல இழுக்கிற குவாட்டுக்கு 6000-லயே உயிர் இருக்கணும். எந்த ஆர்.பி.எம்.ல வேலை நடக்கணும்னு முதல்ல முடிவு பண்ணு. அதுக்கு ஏத்த போர்ட் (சிலிண்டர் சுவர்ல இருக்கிற வாய்), அந்த போர்ட்டுக்கு ஏத்த சேம்பர், அதுக்கப்புறம்தான் கார்ப், ஜெட் (கார்ப்ல பெட்ரோலை அளந்து விடுற துளை). இந்த வரிசை மாறினா வாங்கினதையே திரும்ப வாங்க வேண்டி வரும்.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு அளவு எடுத்துப் போடு:
ஸ்க்விஷ் (பிஸ்டன் உச்சில நிக்கும்போது ஓரத்துல அதுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு. ஹெட் அடைப்பு (அப்ப பிஸ்டனுக்கு மேல மிஞ்சுற இடம்) எத்தனை சி.சி. எக்ஸாஸ்ட் போர்ட்டும் (புகை வெளிய போறது) டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் (புதுக் கலவை உள்ள வர்றது) கிராங்க் ஒரு சுத்துல எத்தனை டிகிரி திறந்திருக்கு. கிராங்க் கேஸ் (கிராங்க் சுத்துற அடிப் பெட்டி) ஒழுகாம காத்துப் பிடிக்குதா.

வண்ணை லேத் | மார்ச் 3, காலை 6.20

ஸ்க்விஷ் எடுக்கிற முறை, ராத்திரி விட்டுப் போச்சு. ரிச்சி தெருவுல கிடைக்கிற 2 மி.மீ. ஈயக்கம்பி. 'ட' மாதிரி வளைச்சு பிளக் ஓட்டை வழியா விட்டு, நுனி சிலிண்டர் சுவரைத் தொடணும். கிக்கரைக் கையால மெதுவா அழுத்தி, பிஸ்டன் டாப்பைத் தாண்டினதும் எடுத்து, நசுங்கின நுனியை வெர்னியர்ல அள. பிஸ்டன் பின் எந்தத் திசைல இருக்கோ அந்த ரெண்டு ஓரத்துலதான் வைக்கணும். எக்ஸாஸ்ட் பக்கமோ ரீடு பக்கமோ வச்சா பிஸ்டன் ஆடிச் சாயும், அளவு பொய் சொல்லும். ரெண்டு ஓரத்துக்கும் 0.1-க்கு மேல வித்தியாசம் வந்தா ஹெட் வளைஞ்சிருக்கு, இல்லன்னா பேரல் (சிலிண்டர்) சரியா உக்காரல.

58 மி.மீ. போருக்கு (சிலிண்டரோட உள் விட்டம்) 0.9-லேர்ந்து 1.0 மி.மீ. நல்லது. 0.7-க்குக் கீழ போகாதே. சூட்டுல ராடு நீளும், கிராங்க் பேரிங்ல விளையாட்டு இருக்கும், பிஸ்டன் ஹெட்டைத் தட்டும்.

கொருக்குப்பேட்டை 135 | மார்ச் 6, இரவு 9.15

அண்ணா, ஸ்க்விஷ் ரெண்டு பக்கமும் 1.45. ஹெட் அடைப்பு 14.6 சி.சி. (பிஸ்டன் டாப்புல, ஓரத்துல கிரீஸ் தடவி, மண்ணெண்ணெயும் 2டி ஆயிலும் கலந்து ஊசி சிரிஞ்சால ஊத்தினேன்). எக்ஸாஸ்ட் 178 டிகிரி, டிரான்ஸ்ஃபர் 120. காத்து டெஸ்ட் எப்படின்னு தெரியல.

வண்ணை லேத் | மார்ச் 6, இரவு 10.40

கையோட அளவு எடுத்தே பாரு, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. நீ சொன்ன 1 மி.மீ. சீவியிருந்தா மிச்சம் 0.45. முதல் ஓட்டத்துலயே டங் டங்.

0.5 சீவு. ஸ்க்விஷ் 0.95-க்கு வரும். அடைப்பும் 1.32 சி.சி. குறைஞ்சு 13.3 ஆகும். 58 மி.மீ. போர்ல ஒவ்வொரு மி.மீ. உயரத்துக்கும் 2.64 சி.சி., அதான் கணக்கு. 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) தர்ற 132 சி.சி.யை 13.3-ஆல வகுத்து ஒண்ணு கூட்டினா அழுத்த விகிதம் 10.9. எக்ஸாஸ்ட் மூடினதுக்கு அப்புறம் நடக்கிற உண்மையான அழுத்தம் 6.4 பக்கம். காத்துல ஆறுற இன்ஜினுக்கும், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கும், பங்க் பெட்ரோலுக்கும் அதுக்கு மேல ஆசைப்படாதே.

லேத்துல குடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லணும்: கேஸ்கெட் உக்கார்ற முகத்தை மட்டும் சீவணும், உள்ளே இருக்கிற சாய்வைத் தொடக்கூடாது. அந்தச் சாய்வு பிஸ்டன் தலையோட சாய்வுக்கு ஒத்துப்போகணும்.

காத்து டெஸ்ட்: பி.பி. பார்க்கிற கருவியோட ரப்பர் பல்பும் டயலும் போதும். எக்ஸாஸ்ட் வாயையும் மேனிஃபோல்டு வாயையும் ரப்பர் ஷீட், இரும்புப் பட்டை வச்சு அடை. பிளக் இருக்கணும். பிஸ்டனை டிரான்ஸ்ஃபர் திறந்திருக்கிற நிலைல விடு. 300 வரைக்கும் அடி, அது ஏறத்தாழ 5.8 பி.எஸ்.ஐ. நிமிஷத்துக்கு 50-க்கு மேல இறங்கக்கூடாது. இறங்கினா சோப்புத் தண்ணி தடவி எங்க குமிழ் வருதுன்னு பாரு. மேக்னட் பக்கத்து சீல்ல வந்தா வெளிய தெரியும். கிளட்ச் பக்கத்து சீல்னா குமிழ் தெரியாது, கியர் பாக்ஸ் மூச்சுக் குழாய்ல காத்து வரும். அங்க ஒரு துளி சோப்புத் தண்ணி விட்டா போதும்.

சீல் ஒழுகுற இன்ஜின்ல என்ன பார்ட் போட்டாலும் வீண். ஒழுகுற காத்து பெட்ரோலை மெலிய வச்சு பிஸ்டனைச் சுடும், ஆனா எல்லாரும் ஜெட்டைத்தான் குறை சொல்லுவாங்க.

ராயபுரம் ரீடு | மார்ச் 7, மதியம் 1.05

எக்ஸாஸ்ட் டைமிங்கை (திறந்திருக்கிற டிகிரியை) ஏத்த போர்ட்டைத் தேய்க்கிறதுக்கு பதிலா பேரலுக்கு அடியில ரெண்டு பேக்கிங் (கேஸ்கெட்) சேர்த்துப் போட்டா போதுமே? பேரல் ஏறும், எக்ஸாஸ்ட் டைமிங்கும் ஏறும். கிரைண்டர் செலவு மிச்சம். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

வண்ணை லேத் | மார்ச் 7, மாலை 4.30

நிறைய பேர் பண்றாங்க, உண்மைதான். அது தர்ற நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டறேன்.

50 மி.மீ. ஸ்ட்ரோக்ல, எக்ஸாஸ்ட் மேல் விளிம்பு இருக்கிற இடத்துல பிஸ்டன் வேகமாப் போகுது. அங்க 1 மி.மீ. ஏத்தினா மொத்தம் ஏறத்தாழ 4½ டிகிரி கூடும். டிரான்ஸ்ஃபர் கீழ இருக்கு, அங்க பிஸ்டன் மெதுவா வருது, அதே 1 மி.மீ.க்கு 6 டிகிரி கூடும். முழு பேரலையும் 1.3 மி.மீ. தூக்கினா எக்ஸாஸ்ட் 178-லேர்ந்து 184 ஆகும், டிரான்ஸ்ஃபர் 120-லேர்ந்து 128-க்கு ஓடும். எரிஞ்ச புகை வெளியேற டிரான்ஸ்ஃபர் திறக்கறதுக்கு முன்னாடி கிடைக்கிற இடைவெளி, ரெண்டையும் கழிச்சு பாதி, முன்னாடி 29 இருந்தது இப்ப 28. டைமிங் ஏத்தியும் இடைவெளி குறைஞ்சுபோச்சு. புகை டிரான்ஸ்ஃபருக்குள்ள திரும்பிப் போய் புதுக் கலவையைக் கெடுக்கும். கூடவே ஸ்க்விஷ் 1.45-லேர்ந்து 2.75 ஆகி அழுத்தமும் விழுந்துரும். கீழ் வேகமும் போச்சு, மேல் வேகமும் வரல.

எக்ஸாஸ்ட்டை மட்டும் கையால 1.3 ஏத்தினா 184, டிரான்ஸ்ஃபர் 120 அப்படியே. இடைவெளி 32. குவாட்டுக்கு இதுதான் வேணும்.

பேக்கிங்குக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஸ்க்விஷ் 0.7-க்குக் கீழ வந்துட்டா 0.2, 0.3 ஏத்த அதுதான் வழி.

ராயபுரம் ரீடு | மார்ச் 7, இரவு 8.10

டிரான்ஸ்ஃபர் அதிகமா ஏறும்னு யோசிக்கவே இல்ல. சரி, ஒத்துக்கறேன்.

வண்ணை லேத் | மார்ச் 8, காலை 7.00

எக்ஸாஸ்ட் தேய்க்கிற விஷயம். மேல உயரத்தை மட்டும் பார்த்து அகலத்தை மறந்துறாதே. ஒரே ஓட்டையா, நடுவுல தடுப்பு இல்லாத எக்ஸாஸ்டுக்கு நேர்கோட்டு அகலம் போரோட 65 சதவீதம், அதாவது 37½ மி.மீ.யோட நிறுத்து. 70 சதவீதம் வரைக்கும் போறவங்க ரிங்கை சீக்கிரம் மாத்திட்டே இருப்பாங்க, ரிங் வெளிய பிதுங்கி விளிம்புல மாட்டும்.

மேல் விளிம்பு சதுரமா இருக்கக்கூடாது, லேசான வளைவு வேணும். அப்பதான் ரிங் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஏறும். தேய்ச்சு முடிச்சதும் எல்லா விளிம்பையும் அரை மி.மீ. மழுக்கு. விரல் நகத்தை மேலேயும் கீழேயும் ஓட்டிப் பாரு, எங்கயும் மாட்டக்கூடாது. நகம் மாட்டுற இடத்துல ரிங்கும் மாட்டும்.

போர்ட்டோட உள் சுவரைக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்க வேண்டியதில்ல. எக்ஸாஸ்ட் பக்கம் வழவழப்பா இருந்தா கரி கம்மியாப் பிடிக்கும், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபரைத் தொடாதே, எத்தனை ஆசையா இருந்தாலும்.

கொருக்குப்பேட்டை 135 | மார்ச் 11, இரவு 10.05

காத்து டெஸ்ட்ல மேக்னட் பக்கம் குமிழ் வந்துச்சு. ரெண்டு சீலும் மாத்தியாச்சு, இப்ப 300-ல நிக்குது. சேம்பர் அளந்தேன், பிஸ்டன்லேர்ந்து பின் கூம்பு நடு வரைக்கும் 830 மி.மீ. இது சரியா?

வண்ணை லேத் | மார்ச் 11, இரவு 11.20

கணக்கு இது: எக்ஸாஸ்ட் டிகிரியை 43,180-ஆல பெருக்கு, சேம்பர் நீளத்தை மி.மீ.ல வச்சு வகு. வர்றது அந்த சேம்பர் உச்சம் தொடுற ஆர்.பி.எம். 184-ம் 830-ம் போட்டா 9570. நேர் ஓட்டத்துக்கு அருமையான பைப். முன்னாடி சோழவரம் ஓடுதளத்துல ரேஸ் நடந்த மாதிரி நீளமான நேர்கோடு இருந்தா அதை அப்படியே மாட்டு.

வண்ணை லேத் | மார்ச் 12, காலை 5.50

ராத்திரி அவசரத்துல எழுதிட்டேன். உன் மைதானம் குட்டையானது, வளைவு வளைவா இருக்குன்னு மேல சொல்லியிருக்கே. 9570-ல உச்சம் தொடுற பைப் 7500-க்குக் கீழ தூங்கும். வளைவுலேர்ந்து வெளிய வரும்போது குவாட் அந்த வேகத்துக்கு மேல நிக்காது. ஒவ்வொரு வளைவுலயும் கிளட்ச்சைத் தேய்ச்சு எழுப்பணும். கிளட்ச் தட்டும் போகும், இன்ஜினும் சூடாகும்.

பைப்பைத் தூக்கிப் போட வேண்டாம். எக்ஸாஸ்ட் கழுத்துக்கும் முதல் கூம்புக்கும் நடுவுல அதே விட்டத்துல துண்டுக் குழாய் சேர். முதல்ல 50 மி.மீ.: 880, உச்சம் 9030. பத்தலன்னா 100: 930, உச்சம் 8540. நிரந்தரமா வெல்டிங் அடிக்காம ஸ்பிரிங் போட்ட ஸ்லீவ் வச்சு சோதனை பண்ணு. என் கணிப்பு 100-ல வந்து நிப்பே.

பின்னாடி இருக்கிற மெல்லிய குழாயையும் அள. கழுத்து 38 மி.மீ.ன்னா அது 22, 23 இருக்கணும். சத்தம் நல்லா வருதுன்னு 19, 20-க்கு ஒடுக்கினா சூடு உள்ளேயே தங்கி பிஸ்டன் தலையை உருக்கும். சேம்பரை சட்டத்தோட இறுக்கிக் கட்டாதே, ரப்பர் புஷ் வச்சுத் தொங்கவிடு. குவாட் சட்டம் முறுக்கும், விரிசல் எக்ஸாஸ்ட் ஸ்டட்ல வரும்.

எண்ணூர் காற்று | மார்ச் 13, இரவு 9.40

ஓபன் ஃபில்டர் பத்தி யாரும் பேசல. நம்ம பக்கம், அத்திப்பட்டு, மணலி வரைக்கும், மண்ணோட சாம்பல் கலந்திருக்கும். அனல்மின் நிலைய சாம்பல் கண்ணுக்குத் தெரியாத பொடி, ஆனா அரைக்கும். கம்பி வலை ஃபில்டர் அதைத் தடுக்காது. ஃபில்டர் ஆயில் நனைச்ச ஃபோம் போடுங்க, ரெண்டு அடுக்கு. ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கு அப்புறமும் கழுவி, காய வச்சு, திரும்ப ஆயில் தடவி, பிழிஞ்சு மாட்டணும். மாட்டுறப்ப ரப்பர் விளிம்புல கிரீஸ் தடவுங்க. உள்ள கார்ப் வாய்ல விரலை விட்டுத் தடவிப் பார்த்தா நறநறன்னு இருக்கக்கூடாது.

இன்னொண்ணு, பெட்ரோல் கலவையை வாரக் கணக்குல வைக்காதீங்க. இப்ப வர்ற ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஈரத்தை இழுக்கும், கடலோரத்துல இன்னும் சீக்கிரம். தண்ணி கீழ தங்கி, முதல்ல ஜெட்டுக்குப் போறது அதுதான்.

வண்ணை லேத் | மார்ச் 14, காலை 6.45

எண்ணூர்க்காரர் சொன்னது ஒவ்வொண்ணும் சரி. ஈ20-க்கு நான் ஒண்ணு சேர்க்கறேன். எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கறதால அதே ஜெட்ல கலவை மெலியும். பழைய பெட்ரோல்ல சரியா இருந்த மெயின் ஜெட் எண்ணை 5-லேர்ந்து 8 சதவீதம் கூட்டி ஆரம்பி.

கார்ப் அளவு. 0.132 லிட்டரை 8500-ஆல பெருக்கு, வர்க்கமூலம் எடு, 33½ வரும். அதை 0.8-ஆல பெருக்கினா 26.8. ஆக 26 மி.மீ. வாங்கு. 28-ஐயும் ஓட்டலாம், ஆனா கீழ திராட்டில் திறக்கும்போது மூச்சு முட்டும். 30 வேண்டவே வேண்டாம்.

ஆயில் பம்பைக் கழட்டினா மூடி போட்டு அடை, அப்புறம் 30-க்கு 1 கலவை: லிட்டருக்கு 33 மி.லி. பயத்துல 60, 70 ஊத்தினா இன்ஜின் பிழைக்கும்னு நினைக்காதே. ஆயில் கூடினா அதே ஜெட் வழியா பெட்ரோல் குறையும், கலவை மெலியும். ஆயில் அளவை மாத்தினா ஜெட்டையும் திரும்பப் பார்க்கணும்.

ரீடு: ஃபைபர் நல்ல தேர்வு. இரும்பு இதழ் உடைஞ்சா துண்டு நேரா கிராங்க் கேஸுக்குள்ள போய் பிஸ்டனையும் போரையும் கீறும். ஃபைபர் நுனில நாராகும், பார்த்து மாத்திக்கலாம். மாட்டினதும் வெளிச்சத்துல தூக்கிப் பாரு, இதழ் நுனில 0.2 மி.மீ. ஃபீலர் நுழையக்கூடாது.

ராயபுரம் ரீடு | மார்ச் 15, இரவு 10.30

கொஞ்சம் வெளிய போறேன். இவ்வளவு பண்றதுக்கு ஒரு ராஜ்தூத் 350 இன்ஜினைத் தூக்கிப் போட்டா என்ன? அமெரிக்காவுல ஓடுற யமஹா பான்ஷீ குவாட்லயும் அதே 350 தானே.

வண்ணை லேத் | மார்ச் 16, காலை 6.10

சொந்தம் தான், அண்ணன் தம்பி மாதிரி, ஆனா சட்டை மாத்திப் போட முடியாது. ராஜ்தூத் 350-க்கும் 1987-ல வந்த பான்ஷீக்கும் 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 347 சி.சி. ஒண்ணுதான். ஆனா ராஜ்தூத் காத்துல ஆறுறது, பான்ஷீ தண்ணில ஆறுறது. பேரல், ஹெட் எதுவும் மாறாது. தண்ணி இருக்கறதாலதான் பான்ஷீக்காரங்க ஹெட்டுக்குள்ள மாத்துற உள்குடத்தை (ஹெட்டோட குழிவான உள்பகுதியை) 19, 21 சி.சி.ன்னு பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு அழுத்தம் ஏத்த முடியுது.

அவங்க 4 மி.மீ. கூடுதல் ஸ்ட்ரோக் கிராங்க் போடறாங்க, 373 சி.சி. வரும். அங்கயும் இதே பாடம்தான். பிஸ்டன் மேலயும் 2 மி.மீ. அதிகம் வரும், கீழயும் 2 மி.மீ. அதிகம் போகும். ஹெட்டை வெட்டாம மாட்டினா முட்டும், பேரலை 2 மி.மீ. தூக்கினா எல்லா போர்ட் டைமிங்கும் ஓடிரும். மேல நான் எழுதின பேக்கிங் கணக்கு அங்கயும் அப்படியே நிக்கும்.

தம்பி 135-லயே இருக்கட்டும். பார்ட்ஸ் கிடைக்குது, ஒரு பேரல் போனா தாங்கலாம்.

கொருக்குப்பேட்டை 135 | மார்ச் 24, இரவு 11.00

போர்ட் 184, ஸ்க்விஷ் 0.95, சேம்பர்ல 100 துண்டு, 26 கார்ப் எல்லாம் மாட்டியாச்சு. 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன். கீழேர்ந்தே இழுக்குது அண்ணா! ஆனா பத்து நிமிஷத்துக்கு அப்புறம் பவர் விழுது, ஆறினா திரும்ப வருது.

வண்ணை லேத் | மார்ச் 25, காலை 5.40

உடனே ஓட்டுறதை நிறுத்து. சூட்டுல பவர் விழுறது பிஸ்டன் ஒட்டப் போற அறிகுறி. இந்த வரிசைல பாரு.

பிஸ்டன் இடைவெளி: வார்ப்பு பிஸ்டன்னா 0.05 மி.மீ., ஃபோர்ஜ்டுன்னா 0.08. ஃபோர்ஜ்டு அதிகமா விரியும், வார்ப்புக்கான இடைவெளில போர் போட்டிருந்தா கட்டாயம் ஒட்டும். ரிங் முனை இடைவெளி 0.25-லேர்ந்து 0.35.

பிளக்: ஒரு படி குளிர்ந்தது போடு. என்.ஜி.கே.ல எண் கூடினா குளிர்ச்சி, 7-லேர்ந்து 8, 8-லேர்ந்து 9. போஷ்ல நேர் எதிர், எண் குறைஞ்சாத்தான் குளிர்ச்சி. கடைல மாத்திக் குடுத்துருவாங்க, டப்பாவைப் பார்த்து வாங்கு.

ஜெட்: மெயினை ரெண்டு படி ஏத்து. புது பிளக் மாட்டி, முழு திராட்டில்ல கொஞ்ச தூரம் இழுத்து, கிளட்ச்சைப் பிடிச்சு அப்படியே இன்ஜினை அணை. ஐடில்ல விட்டுட்டுப் பார்த்தா அது ஐடிலோட நிறம். பீங்கானோட அடி, உள்ளே ஆழத்துல, ஒரு பழுப்பு வளையம் தெரியணும். வெள்ளையா இருந்தாலோ, பொடிப் பொடியா அலுமினியப் புள்ளி ஒட்டியிருந்தாலோ திரும்ப ஸ்டார்ட் பண்ணாதே. அந்தப் புள்ளி பிஸ்டனோட தோல்.

கியரும் பாரு. பைக்ல 3.00-18 டயர் விட்டம் 610 மி.மீ. பக்கம், உன் 20 அங்குலம் 508. ஏற்கெனவே 17 சதவீதம் கியரிங் குட்டையாயிருச்சு. அதுக்கு மேல பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெருசாக்கியிருந்தா கடைசி கியர்லயும் இன்ஜின் கத்திக்கிட்டே இருக்கும்.

எல்லாத்துக்கும் மேல காத்து. பைக்ல சிலிண்டருக்கு முன்னாடி சக்கரத்தைத் தவிர எதுவும் இல்ல. குவாட்ல முன் மட்கார்டும் சேறும் மறைக்குது. அலுமினியத் தகடுல ரெண்டு பக்கமும் காது மாதிரி வளைச்சு, முன் மட்கார்டுக்கு அடியிலேர்ந்து காத்தை ஹெட் ஃபின்னுக்குக் கொண்டு வா. ஃபின் இடுக்குல காஞ்ச சேத்தை ஒவ்வொரு தடவையும் குத்தி எடு. பிளக் வாஷருக்கு அடியில மாட்டுற வெப்ப சென்சார் வாங்கு, 180 தாண்டினா திராட்டிலைக் குறை, 200-ல நிறுத்து.

கொருக்குப்பேட்டை 135 | மார்ச் 30, இரவு 9.50

பிஸ்டன் ஃபோர்ஜ்டு, போர் 0.05-ல போட்டிருந்தாங்க. திரும்ப ஹோனிங் பண்ணி 0.08 ஆக்கியாச்சு. பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் நாலு கோடு விழுந்திருந்துச்சு, தப்பிச்சுது. தகடும் மாட்டிட்டேன். இப்ப இருபது நிமிஷம், சென்சார் 165-ல நிக்குது.

வண்ணை லேத் | மார்ச் 31, காலை 6.00

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த நாலு கோட்டை 400 நம்பர் தண்ணி எமரி வச்சு குறுக்கால லேசா எடுத்துட்டியா? மேல தூக்கிட்டிருக்கிற முனையை மட்டும்தான் எடுக்கணும், பள்ளத்தை நிரப்பறதுக்காக முழுசும் தேய்ச்சுறாதே, இடைவெளி கூடிரும்.

புது ரிங் உக்கார முதல்ல அஞ்சு நிமிஷம் ஓட்டு, முழுசா ஆற விடு, அப்படி மூணு தடவை. ஒவ்வொரு தடவை ஆறினதுக்கு அப்புறமும் ஹெட் நட்டை குறுக்கு நெடுக்கா இறுக்கிப் பாரு. கேஸ்கெட் அமுங்கும், நட்டு தளரும். மூணாவது தடவைக்கு அப்புறம் ஈயக்கம்பி விட்டு ஸ்க்விஷ்ஷை இன்னொரு தரம் அளந்து இங்க போடு. 0.9-க்குக் கீழ வந்திருந்தா அடியில 0.1 பேக்கிங் சேர்க்கலாம்.